ஒன்பது குழந்தைகளைத் தொலைத்த பௌர்ணமி

குழந்தைகளுக்கு நீதிக்கதை சொல்ல வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. கதையைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக மனசு வராது. ஏதாவது புதுமை செய்தே தீர வேண்டும். எனக்கு அந்த வியாதி முற்றிப்போய், ஒரே சாயங்காலத்தில் ஒன்பது குழந்தைகளைத் தொலைத்தேன். அதுவும் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல்.

நான் கீழ்பென்னாத்தூரில் பிறந்து அடி அண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அப்புறம் வீட்டோடு இருந்தேன். சும்மா இருக்கப் பிடிக்காமல், ஆன்லைனில் புராணமும் நல்லொழுக்கமும் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். 'திருவண்ணாமலையிலிருந்து நேரடியாக' என்று ஸ்டேட்டஸ் போட்டதில் (அண்ணாமலையாரே வந்து பாடம் எடுப்பார் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ) சென்னை, பெங்களூரு, துபாய் என்று ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

முதல் மாதம் சும்மா பாருங்கள், பிடித்தால் தொடரலாம் என்று பெற்றோரிடம் சொல்லியிருந்தேன். அந்த மாதத்தின் கடைசி வகுப்பு வந்தது. அந்த ஒன்பது முகங்களுக்கு முன்னால் உட்காரும்போதுதான் நான் மறுபடி டீச்சராக இருந்தேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. அதனால் கடைசி வகுப்பை அமர்க்களப்படுத்திவிட வேண்டும் என்று பௌர்ணமியாகப் பார்த்து வைத்தேன்.

என் வீட்டுக்காரர் கிரிவலப் பாதையிலேயே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"பௌர்ணமின்னிக்கு டவர் எடுக்காதுடி. அத்தினி ஜனமும் போனும் கையுமா நடக்கும். கடைக்கு வந்து நடத்து, அங்க கேபிள் நெட் இருக்குது."

"நல்லது சொல்றத நல்ல நாள்ல சொல்லணுங்க. அதுக்காக சார்ஜருக்கு நடுவுல குந்திக்கினு புராணம் சொல்ல முடியுமா?"

"சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

பட்டுப்புடவை கட்டி, போனை ஸ்டாண்டில் மாட்டி, ரிங் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கதை எங்கள் ஊர்க் கதைதான். பிரம்மாவுக்கும் பெருமாளுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. சிவன் நெருப்புத் தூணாக வந்து நிற்கிறார். அவருடைய அடியையோ முடியையோ பார்த்து வருகிறவர்தான் பெரியவர். பெருமாள் பன்றியாகி மண்ணைத் தோண்டுகிறார், பிரம்மா அன்னமாகி மேலே பறக்கிறார். இந்த இடத்தில்தான் எனக்குப் புதுமை பொத்துக்கொண்டு வந்தது.

"பசங்களா, இப்ப நீங்கதான் பிரம்மா, நீங்கதான் பெருமாள்! பாதிப் பேர் மேல போங்க, பாதிப் பேர் கீழ போங்க. சாமியோட அடியையோ முடியையோ கண்டுபிடிங்க. கண்டுபிடிக்காம யாரும் திரும்பி வரக்கூடாது!"

அரை நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுவதாகத்தான் திட்டம். 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று பெருமாள் உண்மையைச் சொன்னார், பிரம்மாவோ தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்குக் கூட்டி வந்து மாட்டிக்கொண்டார் என்று கதையை முடித்து, உண்மை சொல்லும் பிள்ளைக்குப் பரிசு என்று அறிவிக்க வேண்டும். பெற்றோர் சொக்கிப்போக வேண்டும்.

ஒன்பது நாற்காலியும் காலியாயின. கைதட்டிச் சிரித்தேன். அப்படியே திரை உறைந்துவிட்டது. டவர் சுத்தமாகப் போய்விட்டது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. அப்புறம்தான், ஒன்பது பேரில் முக்கால்வாசிப் பேர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. பால்கனி, மொட்டை மாடி, லிஃப்ட் என்று ஒவ்வொன்றாக மனசில் வந்தது. ஸ்டாண்டும் லைட்டுமாகப் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

கடை இருப்பது கிரிவலக் கூட்டம் வருகிற திசையில். ஊர் உலகமே வலமாக வர, நான் ஒருத்தி மட்டும் இடமாகப் போனேன்.

"யம்மா, எதிர்ல வராதீங்கம்மா, பாவம்!" என்றார் ஒருவர். என் கையிலிருந்த ரிங் லைட்டைப் பார்த்து இரண்டு பெண்கள், "சேனல் பேரு என்னக்கா?" என்று கேட்டார்கள். அன்னதானம் செய்துகொண்டிருந்தவர் சுடச்சுடப் பொங்கல் தொன்னையைக் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்லப் பயமாக இருந்தது (அந்த நேரத்தில் சாமியைப் பகைத்துக்கொள்ள முடியுமா?).

கடைசியில் பொறுமை போய், "வழி விடுங்க! கொழந்தைங்கள காணோம்!" என்று அலறினேன். கூட்டம் நின்றுவிட்டது. மைக்கோடு ஒரு தொண்டர் ஓடி வந்தார்.

"எத்தினி கொழந்தைங்கம்மா?"

"ஒன்பது."

"ஒன்பதும் உங்களுதா?"

"இல்லீங்க, நான் டீச்சர்."

"டூர் கூட்டினு வந்தீங்களா? எந்த எடத்துல தொலைச்சீங்க?"

"மூணு மெட்ராஸ்ல, நாலு பெங்களூருல, ரெண்டு துபாய்ல."

அவர் மைக்கை மெதுவாக அணைத்தார். "யாராச்சும் இந்தம்மாவுக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றார்.

ஒருவழியாகக் கடையில் போய் விழுந்தேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் நெட்டை இணைத்துக் கொடுத்தார் (பேசியிருந்தால் அன்றைக்கே கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறியிருப்பேன்). திரை திறந்தது. ஒன்பது பிள்ளைகளின் இடத்திலும் அப்பாக்களும் அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரோஜாத் தொட்டிய பூரா தோண்டிட்டான் டீச்சர். கேட்டா, சாமி காலைத் தேடறானாம்" என்றார் சென்னை அம்மா ஒருவர். பெங்களூரு அப்பா ஒருவர், "பொண்ணு பரண்மேல ஏறிட்டு எறங்கவே மாட்டேன்னுட்டா. கண்டுபிடிக்காம வரக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்" என்றார். துபாய்ப் பிள்ளைகள் அண்ணனும் தங்கையும். லிஃப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தவர்களை வாட்ச்மேன் பிடித்து வந்து ஒப்படைத்திருந்தார்.

எல்லாரும் பத்திரம் என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு இதோடு சரி என்று தெரிந்துவிட்டது. "ஒரே ஒரு தடவ பசங்கள உக்கார வைங்க, கதைய மட்டும் முடிச்சிடறேன்" என்று கெஞ்சினேன்.

பிள்ளைகள் வந்தார்கள். துபாய்ப் பையன்தான் முதலில் கையைத் தூக்கினான்.

"டீச்சர், நான் முடியைப் பாத்துட்டேன்!"

"எங்கப்பா பாத்தே?"

"மாடிக்கு மேல. வேணும்னா என் தங்கச்சியக் கேளுங்க, அவளும் பாத்தா."

தங்கச்சி வாய் நிறைய சாக்லேட்டோடு வேகவேகமாகத் தலையாட்டினாள். எனக்குப் புல்லரித்தது. தாழம்பூவைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை!

அப்புறம் பெங்களூருப் பெண். தலையெல்லாம் ஒட்டடை, கண்ணெல்லாம் தண்ணீர். "நான் நல்லா தேடினேன் டீச்சர். கெடைக்கல" என்றாள்.

மீதிக் கதையைச் சொன்னேன். தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்ன இடம் வந்ததும், துபாய்த் தங்கச்சி சாக்லேட்டை மெதுவாக வாயிலிருந்து வெளியே எடுத்தாள். "இது அண்ணன்தான் குடுத்தான்" என்றாள். எட்டு வீட்டிலும் பெற்றோர் சிரித்த சிரிப்பில் கடையின் ஸ்பீக்கர் கரகரத்தது.

"அடுத்த வாரம் எத்தன மணிக்கு டீச்சர்?" என்று கேட்டார் சென்னை அம்மா. "தொட்டிய மட்டும் உள்ள எடுத்து வச்சிடறேன்."

நான் அங்கேயே, அத்தனை சார்ஜருக்கும் நடுவில், அழுதுவிட்டேன். அன்றைக்குப் பரிசு பெங்களூருப் பெண்ணுக்குத்தான். தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்று உண்மையைச் சொல்வதுதான் பெரிய வெற்றி என்று, அவளைப் பாராட்டிக் கொஞ்சம் நீளமாகவே பேசினேன்.

வகுப்பு இன்றும் நடக்கிறது, பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. அன்றைய என் சொற்பொழிவை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவர் பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர்தான். அன்றிலிருந்து முருங்கைக்கீரை வாங்கப் போனாலும் சரி, தேங்காய் வாங்கப் போனாலும் சரி, வெறும் பையோடு வந்து வாசலில் கைகட்டி நிற்கிறார்.

"நல்லா தேடினேன் டீச்சர். கெடைக்கல."

பரிசாக ஒரு காபி கேட்கிறார். போட்டுக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நான்தான் கடைக்குப் போகிறேன்.