விழுங்கவில்லை அத்தான், துப்பினேன்

லா சப்பல், பாரிஸ்
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய பெரியத்தான் அவர்களுக்கு,

கோண்டாவிலில் நீங்களும் அக்காவும் முருகன் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை புனிதவதி சுகம், மகள் தாட்சாயினி சுகம், நான் மட்டும் ஒரு மாதமாகச் சுகமில்லை. தொலைபேசியில் சொல்லலாமென்றால் இந்த வீட்டில் இருமினாலே எல்லா அறைக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால் எனக்குத் தட்டத் தெரியாது, மகள்தான் தட்டித் தரவேண்டும். அதனால்தான் இந்தக் காலத்திலும் கடிதம்.

அத்தான், நீங்கள் ஒரு வீடியோ பார்த்திருக்கக்கூடும். பார்க்காவிட்டால் இந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். பார்த்திருந்தால், அதில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, வைன் கிளாசைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மணந்து, வாயில் ஊற்றிக் கொப்பளிக்கிற ஆள் நான்தான். ஆனால் பதினாலாவது செக்கனை வடிவாகப் பாருங்கள். துப்புகிறேன்! அம்மாளாணை துப்புகிறேன்! பல் டொக்டர் தருகிற மருந்தையும் கொப்பளித்துத் துப்புகிறோம்தானே, அதைக் குடித்ததாக யாராவது சொல்வார்களா?

கொழும்பில் எங்கள் கலியாணத்தன்று மண்டபத்தின் பின்பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "தம்பி, எங்கட அப்பா குடிச்சுத்தான் வீட்டை அழிச்சவர். என்ரை தங்கச்சி இனியும் ஒரு குடிகாரனோடை சீவிக்கக் கூடாது." நான் உங்கள் கையைப் பிடித்து, தொடவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். இருபத்தாறு வருடம் தொடவில்லை. அந்தச் சத்தியம் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். புனிதவதிக்கு மட்டும் இது தெரியவே கூடாது.

நடந்தது இதுதான். இங்கே ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து ரெஸ்தோரான் ஒன்றில் நான் பாத்திரம் கழுவுவது உங்களுக்குத் தெரியும். முதலாளி செபஸ்டியன் தங்கமான மனிதர், ஆனால் கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு மணம் தெரியாது. ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடை முதலாளிக்கு மூக்கு வேலை செய்யவில்லையென்று வெளியே தெரிந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். மத்தியானச் சாப்பாட்டோடு கூஜாவில் வைக்கிற மலிவு வைனைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவந்தார், சனம் பாதியை மிச்சம் விட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கழுவ வந்த கூஜாவை மணந்து பார்த்து, "இது நனைந்த வெங்காயச் சாக்கு மாதிரி மணக்கிறது, அதுதான் ஒருவரும் குடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். அன்று பிடித்தது சனி.

மறுநாள் வேலைக்குப் போனால் பத்துப் போத்தல், பெயர் தெரியாதபடி வெள்ளித்தாள் சுற்றி, வரிசையாக நிற்கிறது. எல்லாம் நாலு யூரோவுக்கு உட்பட்டது. "தில்லை, எனக்கு மூக்கில்லை, உன்னுடையதைத் தா" என்று அந்த மனிதர் கண்கலங்கினார். நான் குடிப்பதில்லை என்றேன். "குடிக்க வேண்டாம், துப்பு. பெரிய நிபுணர்களும் துப்பத்தான் செய்கிறார்கள்" என்றார். வாயில் விட்டால் தொட்ட கணக்கா இல்லையா என்று யோசித்து முடிக்க முன்னரே முதலாவதைத் துப்பிவிட்டேன், அது அவ்வளவு மோசம். இரண்டாவது புளியைப் பித்தளைச் சட்டியில் ஊறப்போட்ட மாதிரி. மூன்றாவது இருமல் மருந்து. வெள்ளித்தாளை உரித்தால், கோட்டைப் படமும் தங்க எழுத்தும் போட்டதுதான் படுமோசம், ஒருவரும் கேள்விப்படாத தெற்கத்தி ஊர்ப் பெயர் போட்டதுதான் நல்லது. செபஸ்டியன் என்னைக் கட்டிப்பிடித்தார், நான் ஓடிப்போய் மூன்று தரம் வாயைக் கழுவினேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் ஒபர்வில்லியேக்குப் போய் மொத்தக் கடைகளில் மலிவு வைன் தேடுவதும் என் தலையில் விழுந்தது. சில்லு வைத்து இழுக்கிற பையில் ஆறு போத்தலை அடுக்கி, மேலே முருங்கையிலையைப் பரப்பிக்கொண்டு பஸ்சில் வருகிறேன், பக்கத்தில் வந்து குந்தினார் கோயில் செயலாளர் கரிகாலன். பஸ் பள்ளத்தில் இறங்க, போத்தல்கள் கலகலவென்றன.

"என்ன தில்லை அண்ணை, உள்ளுக்கை கலகலக்குது?"

"ந... நல்லெண்ணெய்."

"நல்லதாப் போச்சு, கோயில் விளக்குக்கு ஒரு போத்தல் தாங்கோ."

அடுத்த தரிப்பில் இறங்கி ஓடினேன். அரை மணித்தியாலம் பையை இழுத்துக்கொண்டு நடந்தேன், ஒவ்வொரு கல்லுக்கும் போத்தல்கள் சத்தம் போட்டன, எனக்கு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இதற்கிடையில் பரிமாறுகிற பெட்டை ஆனைஸ் எனக்குத் தெரியாமல் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம், அத்தான், எங்கள் ஊர்ச் சனம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. மறுநாள் எங்கள் கடைத்தெரு ரூ பிலிப்-து-ஜிராரில் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன், மரக்கறிக்கடை உதயன் கையைப் பிடித்து இழுத்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோனான். அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணை, மகளின்ரை கலியாணப் பார்ட்டிக்கு இருநூறு பேர். அஞ்சு யூரோவுக்குள்ளை மானம் போகாத வைன் ஒண்டு சொல்லுங்கோ. நான் கேட்டதெண்டு வீட்டை சொல்லிப்போடாதேங்கோ!"

நான் மூட்டைகளுக்குப் பின்னாலேயே நின்று சொன்னேன், கடையில் கண்ணுக்கு நேரே இருக்கிற தட்டை விட்டுக் குனிந்து கீழ்த்தட்டைப் பார், பெரிய ஊர்ப் பெயருக்குக் காசு கொடுக்காதே, எங்கள் உறைப்புக்குக் கடும் வைன் சரிவராது, லேசானதாக எடுத்துக் கொஞ்சம் குளிர வைத்துக் கொடு, கூட்டம் பெரிதென்றால் பெட்டியில் வருவதே போதும் என்று. முடி வெட்டுகிறவர் கேட்டார். பூசைச் சாமான் கடைக்காரர் கேட்டார். கடைசியில் கரிகாலன் வந்து, ஆட்டிறைச்சிக் கறிக்கு எது பொருத்தம் என்று காதுக்குள் கேட்டார். எல்லாரும் வீட்டில் சொல்லவேண்டாம் என்கிறார்கள், எல்லாருடைய பயத்தையும் நான்தான் சுமக்கிறேன். இப்போது வேலைக்குக்கூடத் தெருவைச் சுற்றித்தான் போகிறேன்.

இனி, எழுதாமல் விட்டதையும் எழுதுகிறேன். முதல்நாள் ஏழாவது போத்தலைத் துப்பவில்லை. மினெர்வுவா என்று ஒரு வைன், மூன்று யூரோ தொண்ணூறு. வாயில் விட்டேன், நாவற்பழம் மாதிரி இருந்தது, பிறகு மிளகு மாதிரி ஒரு சின்ன உறைப்பு, துப்பவேண்டுமென்ற நினைப்பே வராமல் தானாக இறங்கிவிட்டது. ஒரே ஒரு வாய்தான். நன்றாக இருந்தது அத்தான், பொய் சொல்லமாட்டேன், உடம்பெல்லாம் ஒரு சந்தோசம். அதுதான் எனக்குப் பயம். உங்கள் அப்பாவுக்கும் முதல்நாள் இப்படித்தான் இருந்திருக்குமோ? அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. புனிதவதி முகத்தை நேரே பார்க்க முடியவில்லை.

என்னை ஏசுவதென்றால் ஏசுங்கள், தங்கைக்கு மட்டும் சொல்லாதீர்கள். பதிலை ரெஸ்தோரான் விலாசத்துக்குப் போடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். முருகன் எல்லாருக்கும் நல்ல புத்தி கொடுக்கட்டும், என்னிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு, பயத்துடன்,
தில்லையம்பலம்

பி.கு.: அண்ணை, இது நான் புனிதவதி. தெருவிலை சனம் மறிக்குமெண்டு பயந்து, இதைத் தபாலிலை போடச் சொல்லி என்னட்டைத்தான் தந்தவர். "காணி விசயம், உடைக்காதையும்" எண்டு வேறை. எனக்குத் தெரியாத எந்தக் காணி எண்டு உடைச்சுப் பாத்தன். அந்த வீடியோவை நான் முதல் நாளே பாத்திட்டன், உங்களுக்கு அனுப்பினதும் நான்தான். அப்பா குடிச்சுப்போட்டு வந்து ஒருநாளும் பயந்ததில்லை அண்ணை, நாங்கள்தான் பயந்தனாங்கள். இந்த மனுசன் ஒரு வாய் விழுங்கிப்போட்டு ஒரு மாதமாய் நித்திரை கொள்ளேல்லை. எனக்கு வாசிக்க அழுகை வந்திட்டுது. நீங்கள் ஏசிப்போடாதேங்கோ. ஆனால் மன்னிச்சிட்டன் எண்டும் அவசரப்பட்டு எழுதாதேங்கோ. இருபத்தாறு வருசமாய் வீட்டிலை ஒரு கோப்பை கழுவாத ஆள், இந்தப் பயத்திலை ஒரு மாதமாய் முழுப் பாத்திரமும் கழுவித் தாறார். தீபாவளி வரைக்கும் பொறுங்கோ.