ராஜா விழாமல் போனது யாரால்

ஓசூரில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஆனந்தகுமார் அவர்கள் சமூகத்துக்கு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து உங்கள் தங்கை புருஷன் பஞ்சாட்சரம் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை ஏலவார்குழலியும் நலம். கூடவே ஒரு ராஜாவும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நம் தெருக் கூத்தில் குத்துப்பட்டு விழ வேண்டிய மகுடசேகர ராஜாவை நான் விழவிடவில்லை. அதனால் அந்த ராஜா இப்போது என் வீட்டில் தங்கியிருக்கிறான். வேஷம் கட்டியவன் வேறு யாருமில்லை, உங்கள் அத்தை மகன், ஏனாத்தூர் டவுன் பஸ் கண்டக்டர் வீரபத்திரன்தான். இதைப் போனில் சொல்லலாமே என்பீர்கள். ராஜா ஹாலில் உட்கார்ந்திருக்கிறான், பஸ்ஸில் கடைசி சீட்டில் டிக்கெட் வாங்காதவன் மூச்சு விடுவதைக்கூடக் கேட்டுப் பழகிய காது. வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் பேரன்தான் முதலில் படிப்பான். ஆகவே கடையில் கல்லாப்பெட்டி மேல் வைத்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் ஓசூர் போய் வருடங்கள் ஆகிவிட்டதால் கதை மறந்திருக்கும். மகுடசேகர ராஜா கோட்டையை எதிரிப்படை சூழ்ந்திருக்கிறது. ராணி கெஞ்சிக் கேட்டாளே என்று பின்வாசல் சாவியை ராணியின் அண்ணன் கையில் ராஜா கொடுக்கிறான். அந்த மச்சான் விருந்தில் தனக்கு முதல் இலை போடவில்லை என்ற கோபத்தில் வாசலைத் திறந்துவிடுகிறான். மந்திரிக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. விடிந்து வெயில் மேடையில் விழும் நேரத்தில் மச்சான் பின்னாலிருந்து குத்த, ராஜா விழுகிறான். உடனே கட்டியக்காரன் கூட்டத்தைப் பார்த்து, "ராசா உழுந்தது யாரால?" என்று கேட்பான். ஆண்கள் பக்கம் ராணி என்று கத்தும், பெண்கள் பக்கம் மந்திரி என்று கத்தும், இரண்டு பக்கமும் சேர்ந்து கடைசியில் மச்சான் தலையில் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போவார்கள். ராஜாவைக் குறை சொல்ல ஒரு வாய் கிடையாது. நான் சைக்கிளில் புடவை மூட்டை கட்டி வந்தவாசி வரை மிதித்து முன்னுக்கு வந்தவன். எனக்கு இதில் ஒரே கட்சிதான். முதல் போட்டவன்தான் நஷ்டத்துக்குப் பொறுப்பு. சாவியைக் கொடுத்தது யார்? என் குடோன் சாவியை உங்களிடம் நான் கொடுத்ததில்லை, நீங்களும் கேட்டதில்லை, அதனால்தான் நம் உறவு இன்றுவரை நல்லபடியாக இருக்கிறது.

இருந்தாலும் அவன் விழுந்துவிட்டுப் போகட்டும் என்று இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பொறுக்க முடியாதது உங்கள் தங்கை அழுவது. லேசாக அழுவதில்லை, மச்சான். மூக்கு சிவந்து, முந்தானை நனைந்து, வீட்டுக்கு வந்து காபி போடும்போதும் விசும்பிக்கொண்டே போடுவாள், அதில் விழுந்தது சர்க்கரையா உப்பா என்று குடித்தால்தான் தெரியும். போன ஐப்பசியில் நான் கடைப் பரண் மேலிருந்து ஏணியோடு விழுந்தேனே, நீங்கள்கூடப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தீர்களே, அன்றைக்கு ஓடி வந்தவள் முதலில் பார்த்தது என்னை அல்ல, நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்த அட்டைப்பெட்டியை. "பொடவை கசங்கல இல்ல?" என்று கேட்டாள். நான் கசங்கினேனா என்று கேட்க நாதியில்லை. ஒரு கண்டக்டர் அட்டைக்கத்தி பட்டு விழுந்தால் மட்டும் கண்ணீர் ஆறாகப் பெருகுகிறது. அவள் என்னைக் கூப்பிடுவது இன்றுவரை "ன்னாங்க". அவனைக் கூப்பிடுவது "மாமா". முறைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. முறை இருப்பதுதான் தொந்தரவு. அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. பதில் வேண்டாத கேள்வியைக் கேட்பது வியாபாரிக்கு நல்லதல்ல.

விழுந்த ராஜா மேல் அவன் சொந்தத்தில் ஒரு பெண் கோடித்துணி போர்த்த வேண்டும் என்பது நம் தெரு வழக்கம். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள், மாமன் மகள் என்று உங்கள் தங்கைதான் போர்த்துவாள். வருடா வருடம் ஒரு பருத்தித் துண்டு. இந்த வருடம் பார்க்கிறேன், அவள் கையில் அரக்குக் கரை போட்ட பட்டு அங்கவஸ்திரம். என் அறுபதாம் கல்யாணத்துக்கென்று நானே நிறம் சொல்லி, நானே தறிக்குப் போய் நின்று நெய்யவைத்தது. பீரோவில் இருந்ததை என்னைக் கேட்காமல் எடுத்து வந்திருக்கிறாள். மேடையில் லோகேஸ்வரன், நம் செல்போன் கடைப் பையன், மச்சான் வேஷத்தில் கத்தியை ஓங்கிவிட்டான். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டேன். "யோவ் ராசா, பின்னாடி பாருய்யா. உன் மச்சான் கத்தியோட நிக்கிறான்" என்று சொல்லிவிட்டேன்.

முதுகுக்குப் பின்னால் கத்தி என்றால் எவனும் திரும்பத்தான் செய்வான். வீரபத்திரன் திரும்பிவிட்டான். லோகேஸ்வரன் வாத்தியாரிடம் மாட்டிய பையன் மாதிரி கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். மிருதங்கம் நின்றுவிட்டது. ராஜா என் காதருகே குனிந்து, "அண்ணே, எறங்குண்ணே. நான் சாவணும், எட்டு மணிக்கு எனக்கு டூட்டி" என்றான். கீழே இருந்து உங்கள் தங்கை கேட்டாள், "ன்னாங்க, சாவறவர சாவக்கூட உடமாட்டீங்களா?" கூட்டம் சிரித்த சிரிப்பு உங்களுக்கு ஓசூரில் கேட்டிருக்கும்.

கட்டியக்காரன் கலியன் இருக்கிறானே, பகலில் டீக்கடை, கூத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். மறுபடி குத்திவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்றேன். "ராசா உசுரு இன்னா உன் கடை சரக்கா, புடிக்கலன்னா மடிச்சி வெச்சிட்டு மறுபடி விரிச்சிக் காட்றதுக்கு? மகுடம் வெச்ச ராசா உழாம மகுடம் எறங்கக் கூடாது. அடுத்த நல்ல நாளு வெள்ளிக்கெழமதான்பா. அதுவரைக்கும் காப்பாத்தினவன் வூட்லதான் ராசா இருக்கணும்" என்றான். இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கேட்டால், "இதுக்கு முன்னாடி எந்த முட்டாளும் காப்பாத்தல, அதான் கேள்விப்படல" என்கிறான். அந்த மகுடத்தோடு ஆட்டோவில் ஏற முடியவில்லை. தெரு முழுக்க நடத்தித்தான் கூட்டி வந்தோம். குடை பிடித்தது யார் என்று கேட்காதீர்கள்.

வந்த நாள் முதல் என் வீடு என் வீடாக இல்லை. மகுடம் மின்விசிறியில் இடிக்கும் என்று ஹாலில் விசிறி போடுவதில்லை. தூங்கும்போது மகுடத்தைக் கழற்றலாம், ஆனால் தரையில் வைக்கக் கூடாதாம், அதனால் அது என் தலையணை மேல் தூங்குகிறது, என் தலை தரையில் தூங்குகிறது. காலையில் அவன் முகத்துக்குச் சாயம் திருத்தும்போது உங்கள் தங்கை கண்ணாடி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனை வருடத்தில் நான் சவரம் செய்யும்போது ஒரு நாள் துண்டு எடுத்துத் தந்திருப்பாளா? எனக்குப் பிரஷர் என்று வீட்டில் எண்ணெய்ச் சட்டியே ஏறாது. இப்போது தினம் கீரை வடை. ராஜா சாப்பிட்ட பிறகு எனக்கு இலை. "அண்ணே, நீயும் ஒக்காருண்ணே" என்று அவன்தான் பரிதாபப்பட்டுச் சொல்கிறான். என் வீட்டுச் சாப்பாட்டுக்கு எனக்கு அவன் சிபாரிசு.

அவன் சும்மா ஹாலில் உட்கார்ந்திருந்தால்கூடப் போகட்டும். பொழுது போகவில்லை என்று முன்பக்கம் கடைக்கு வந்துவிட்டான். மெட்ராஸிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டம், ராஜாவைப் பார்த்ததும் செல்போனை எடுத்துவிட்டது. அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, அவனிடமே நிறம் கேட்கிறார்கள். "அம்மாடி, உங்க பொண்ணு நெறத்துக்கு மாம்பழக் கலரும் அரக்கு பார்டரும் எடுங்க, மண்டபத்துல வெளக்கு போடவே வாணாம்" என்றான். எடுத்துவிட்டார்கள், பேரம்கூடப் பேசவில்லை. நான் நாற்பது வருடமாகப் புடவையை உதறி உதறித் தோள்பட்டை தேய்ந்தவன். என்னோடு ஒருத்தரும் ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. நேற்று ஒரு பெண் என்னிடம் போனைக் கொடுத்து, "அங்கிள், எங்க ரெண்டு பேரையும் எடுங்க" என்றாள். எடுத்தேன். விரலை நடுவில் வைத்துத்தான் எடுத்தேன். பொறாமை என்று உங்கள் தங்கை சொல்கிறாள். ஆமாம், பொறாமைதான். பொறாமை இல்லாதவன் பட்டுக்கடை வைத்தால் பக்கத்துக் கடைக்காரன்தான் பிழைப்பான்.

தெருவில் இப்போது எங்கே போனாலும் ராஜா விழாதது யாரால் என்பதுதான் பேச்சு. கலியன் கடையில் டீ குடிக்கிறவன் எல்லாம் வழக்கு விசாரிக்கிறான். பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து வந்தாளே, அவளால்தான் என்று ஒருத்தன். திரும்பிப் பார்த்தானே, நல்ல நடிகன் திரும்புவானா, வீரபத்திரனால்தான் என்று ஒருத்தன். பஞ்சாட்சரத்தின் வயிற்றெரிச்சல் என்று மற்ற எல்லோரும். நான் தூக்கமில்லாமல் யோசித்ததில் கடைசியாக உங்களிடம்தான் வந்து நிற்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். "கூத்துக் கட்றவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று சொல்லி, மூட்டை தூக்கிய எனக்குத் தங்கையைக் கொடுத்தது நீங்கள். அன்றைக்கு அவனுக்கே கொடுத்திருந்தால் அவன் சாயம் போன பனியனைத் துவைத்துத் துவைத்து, அவன் விழும்போது அவள் கொட்டாவி விட்டிருப்பாள். இன்றைக்கு அழுகிறாளே, அது நீங்கள் திறந்துவிட்ட பின்வாசல். எந்தக் கூத்திலும் மச்சான்தான் என்று தெரு சொல்வதில் ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்கிறது.

நேற்று மத்தியானம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. நான் சாப்பிட வீட்டுக்குள் போகும்போது அவன் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான். "ஏலா, நான் உழும்போது ஏன் அப்டி அழுவற? எனக்கே பயமா இருக்குது." அவள் வடை தட்டிக்கொண்டே சொன்னாள், "உனுக்குன்னு ஆரு மாமா அழுதா? வூட்ல அழுதா இன்னா ஏதுன்னு நாலு கேள்வி வரும். வருசம் பூரா சேத்து வெச்சத அங்க போய்க் கொட்டிட்டு வரேன். ராசா உழுந்தாதான் எனுக்குத் தோது." நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். வருடம் பூராவும் சேர்த்து வைக்கிற அளவுக்கு அவளுக்கு என்ன குறை, மச்சான்? நகை போட்டிருக்கிறேன், மாடி கட்டியிருக்கிறேன், சமையலறையில் சிம்னிகூட வைத்தாயிற்று. கேட்கலாம் என்றால் என் முகத்தைப் பார்த்து, "ஒண்ணுல்லீங்க" என்பாள். கண்டக்டரிடம் சொல்கிறாள், என்னிடம் சொல்வதில்லை. அவன் மேல் எனக்கு இருந்ததெல்லாம் இப்போது இரண்டு மடங்காகிவிட்டது.

ஆகவே நீங்கள் இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, முதல் காரியமாக உங்கள் அத்தை மகனை உங்களோடு ஓசூருக்கு அழைத்துப் போக வேண்டியது. இரண்டாவதாக, உங்கள் தங்கை மனதில் சேர்த்து வைத்திருப்பது என்ன என்று அண்ணன் என்ற முறையில் கேட்டு, எனக்குத் தெரிவிக்க வேண்டியது. அக்காவுக்கு என் வணக்கம். பெரிய பேரன் ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுக்க காமாட்சி துணை இருப்பாள். சின்னவளுக்குப் பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், வந்தால் வாங்கிப் போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை விரும்பும் மாப்பிள்ளை,
பஞ்சாட்சரம்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் மனதில் வைக்க வேண்டாம், வரவும் வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் வீரபத்திரன் கல்லாப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, மொகம் பூரா அரிக்குது, லீவும் தீந்துபோச்சு. இந்த வருசம் ரிட்டயர்டு. அதுக்கப்புறம் என்னை ஆரு கேப்பா?" என்றான். கண்ணில் தண்ணீர். அழுகிறவனைப் பார்த்தால் எனக்கு வியாபாரம்தான் தோன்றுகிறது, என்ன செய்ய. இந்தக் கல்யாண சீசனில் அவன் இருந்த நாட்களில் போன சரக்கு, இல்லாத நாட்களில் போகவில்லை, அது என் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் தங்கையையும் கூப்பிட்டேன். நானே நேராகக் கேட்டுவிட்டேன், அப்படி என்னதான் சேர்த்து வைக்கிறாய் என்று. விரித்துக் கிடந்த புடவையை மடித்து வைத்துவிட்டு, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சுடச்சுடச் சாப்புட்டதில்லீங்க. எல்லாரும் எழுந்தப்புறம் ஆறினதுதான்" என்றாள். மச்சான், இது யாரால் என்று எந்தக் கட்டியக்காரனும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஒரே பதில்தான்.

பேசி முடித்த ஏற்பாடு இது. வெள்ளிக்கிழமை காலை அவன் ஒழுங்காக விழுவான், நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். போர்த்துவது பருத்தித் துண்டு. ரிட்டயர் ஆன பிறகு முகூர்த்த நாட்களில் காலை பத்திலிருந்து ஒன்று வரை அவன் ராஜா வேஷத்தில் என் கடையில் உட்காருவான். பக்கத்துக் கடையில் கால் வைக்கக் கூடாது. நிறம் சொல்லலாம், விலை சொல்லக் கூடாது. மத்தியானச் சாப்பாடு ஓட்டலிலிருந்து என்று நான் சொன்னேன், ஏலா கையால்தான் வேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான், கடைசியில் இப்படி முடிவானது: சமைப்பது உங்கள் தங்கை, ஒரே பந்தியில் அவளுக்கும் இலை, பரிமாறுவது நான்.