பர்மனென்ட் பனி

சேசு மரி சூசை

இந்திரா நகர், நெய்வேலி.
7.3.1999

அன்பு மகன் ஜாஸ்பருக்கு, அப்பா இன்னாசிமுத்து தன் கையாலேயே எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்துக்காக நீ என்னை மன்னிக்க வேண்டும். வரிகள் இடது பக்கம் ஒழுங்காகத்தான் கிளம்புகின்றன. பாதி தூரம் போனதும் சரிந்து, வலது மூலையில் போய்க் குவிந்து கிடக்கின்றன. அழுத்தி எழுதியதில் தாள் அங்கங்கே கிழிந்தும் இருக்கிறது. அது என் ஆர்வம், பேனாவின் குற்றமில்லை. இத்தனை காலம் நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் துரைராஜ்தான் எழுதினார். 'பையன் ஞாபகமாவே இருக்குது' என்று நான் சொன்னால், 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்று அவர் எழுதிவிடுவார். அறிவொளி வகுப்பில் சத்யா டீச்சர் எழுத்துச் சொல்லிக் கொடுத்த பிறகு, யார் தயவும் இல்லாமல் நான் எழுதும் முதல் கடிதம் இது. உன் பெயரில் வரும் 'ஜ'தான் பெரும்பாடு. உன் ஞானஸ்நானத்தின்போதே எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் பவுல் என்று வைத்திருப்பேன்.

நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, காரணம் பின்னால் வருகிறது.

உன் கடிதத்தையும் நானே படித்தேன். காலையில் தொடங்கி, சாப்பாட்டுக்கு நிறுத்தி, விளக்கு வைக்கிற நேரத்தில் முடித்தேன். நீ ஒரு நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஆஸ்திரியாவில் பனிச்சறுக்குக்கு ஆள் வருகிற ஓட்டல்களில் சமைக்கிறாய். போன மாதம் ஆள் குறைந்ததென்று உச்சி மலை ஓட்டலுக்கு ஒரு வாரம் போய்ச் சமைத்தாய். உன் சாம்பாரைக் குடித்துவிட்டு அந்த முதலாளி உன்னைப் பர்மனென்ட் ஆக்குகிறேன் என்கிறார். போகவா வேண்டாமா, அப்பா சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருந்தாய்.

நெய்வேலியில் பிறந்த பிள்ளை இதைக் கேட்கவே கூடாது. இந்த ஊரில் அந்த ஒரு சொல்லுக்காக மனிதர்கள் கான்ட்ராக்டிலேயே நரைத்துப் போகிறார்கள். எனக்குச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆன அன்று நம் தெருவே இனிப்புத் தின்றது. ஆனால் உன் கடிதத்தில் அதைப் படித்தபோது எனக்கு இனிப்பு வாங்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அடுத்த வரியில், 'அங்கே பனியும் பர்மனென்ட் அப்பா, கோடையிலும் உருகாது, ஓட்டல் மூடவே மூடாது' என்று எழுதியிருந்தாய். பனி உருகி ஓட்டல் மூடினால்தானே நீ வீட்டுக்கு வருவாய்?

அந்தக் கலக்கத்தில் ஒரு காரியம் செய்தேன். நம் கோயிலில் போய், பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லி ஒரு பூசைக்கருத்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்கும் முன் சாமியார் ஒவ்வொரு கருத்தாக வாசித்தார். இறந்தவர்களுக்கு, பரீட்சை எழுதுகிறவர்களுக்கு, பிள்ளை வரம் கேட்டவர்களுக்கு. பிறகு, 'ஆஸ்திரியா நாட்டில் பனி விரைவில் உருக வேண்டுமென்று இன்னாசிமுத்து' என்றார். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையை நிமிர்த்தி உட்கார்ந்தேன். சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததை வாசித்தார். 'அதே ஆஸ்திரியா நாட்டில் பனி நீடித்து நிலைக்க வேண்டுமென்று ரெஜினா.' பெண்கள் பக்கம் உன் அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்காரப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் முதல் பாட்டு பாதியில் நின்றுபோனது. பூசை முடிந்ததும் சாமியார் எங்களைக் கூப்பிட்டார்.

"ஏங்க இன்னாசிமுத்து, ஆண்டவரு இப்ப யாரு மனுவத் தள்ளுவாரு? ரெண்டு பேரும் வூட்ல பேசி ஒண்ணா எழுதிக்கினு வாங்க."

"நான் பேசிட்டேன் சாமி, இவருதான் கேக்க மாட்றாரு" என்றாள் உன் அம்மா.  வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, "பெத்தவரு வேண்டிக்கிற வேண்டுதலா இது" என்று குழம்புச் சட்டியிடம் சொன்னாள்.

சரி, ஜெபம் வேண்டாம், நேரடியாகவே ஆராய்ந்து முடிவு சொல்வோம் என்று சிங்காரவேலைக் கூட்டிக்கொண்டு பழைய மண்மேட்டுக்குப் போனேன். என்னோடு அதே ஷிப்டில் இருந்தவர்தான், உனக்குத் தெரியும். சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்ணைத் தவிர நமக்கு இங்கே வேறு மலை ஏது? சறுக்குவதற்கு நீ எழுதியபடியே முழங்காலை மடக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, சுரங்கத்தில் மண் சுமக்கிற பெல்ட்டின் பழைய துண்டு ஒன்றின்மேல் நின்றேன். சிங்காரவேல் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார். பெல்ட் நின்ற இடத்திலேயே நின்றது. நான் மட்டும் போனேன். வேட்டி ஒரு வேலிக்காத்தான் செடியில் தங்கிவிட்டது. கீழே செக்யூரிட்டி ஒருவர் என்னை எதிர்பார்த்ததுபோல் நின்றுகொண்டிருந்தார்.

"யோவ் பெருசு, மேல இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"ட்ரையல் பாத்துக்கினு இருக்கோம் சார்" என்று மேலிருந்து சிங்காரவேல் கத்தினார். "அவரு பையனுக்கு வெளிநாட்டுல பர்மனென்ட் வந்திருக்குது!"

"பர்மனென்ட்டா!" அந்த மனிதருக்கு முகமே மாறிவிட்டது. என்னைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டிவிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கி, "ஸ்வீட் எங்க பெரியவரே?" என்றார். வேட்டி இல்லாதவனிடம் ஸ்வீட் கேட்கிற ஊர் இது.

ஆக, அனுபவசாலி என்கிற முறையில் சொல்கிறேன், கவனமாகக் கேள். அந்த ஊர்களின் பெயர்களை எழுத முயன்று விட்டுவிட்டேன். தாழ்ந்த ஊர், நடு ஊர், உச்சி ஊர் என்று வைத்துக்கொள்வோம்.

தாழ்ந்த ஊர் நீ முதல் வருஷம் இருந்தது. பனி ஆட்டி வைத்த மாவுபோல் ஈரமாகக் காலைப் பிடிக்கும், சறுக்குப் பலகை நகராது, பிப்ரவரியிலேயே நடுநடுவே புல் தெரியும், வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டி கட்டுவார்கள் என்று எழுதினாய். இதைவிட நல்ல ஊர் உண்டா? விழுந்தால் அடிபடாது. புல் இருந்தால் மாடு இருக்கும், மாடு இருந்தால் பால் இருக்கும். சீக்கிரம் மூடியதால்தான் அந்த வருஷம் நீ ஈஸ்டருக்கு வந்தாய், பண்ருட்டிப் பலா முடிகிற வரைக்கும் இருந்தாய். வாசலில் உன் செருப்பு கிடந்தது. அதைப் பார்ப்பதற்காகவே நான் ஒரு வேலையும் இல்லாமல் வாசலுக்குப் போய்ப் போய் வந்தேன்.

நடு ஊர் இப்போது நீ இருப்பது. அங்கே வானம் பனி தராவிட்டால் மெஷின் தருமாம். தண்ணீரைக் காற்றில் அடித்தால் பனியாக விழுமாம். நம் சுரங்கத்திலும் தூசி பறக்காமல் லாரி வைத்துத் தண்ணீர் அடிக்கிறார்கள், சேறாகத்தான் விழுகிறது. மெஷின் பனி கல்லுப்புபோல் நறநறக்கும், காலையில் கண்ணாடிபோல் இறுகியிருக்கும், விழுந்தால் இடுப்பு போகும் என்றாய். அந்த மெஷினைக் கண்டுபிடித்தவனுக்குத் தூரத்தில் பிள்ளை இருந்திருக்காது. அவன் புண்ணியத்தில் போன வருஷம் சீசன் நீண்டுகொண்டே போய் நீ வரவில்லை. உன் பங்குப் பலாச்சுளையை அம்மா தட்டில் எடுத்து வைத்து, ஈ மொய்த்த பிறகு வெளியே போட்டாள்.

உச்சி ஊரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பனி அரிசி மாவுபோல் உலர்ந்து முழங்கால் ஆழம் கிடக்குமாம். உயரம் அதிகம், மூச்சு வாங்கும். குளிர் அதிகம், காது மரத்துப் போகும். இட்லி மாவு ஜென்மத்துக்கும் புளிக்காது. அவ்வளவுதான்.

ஆகவே என் முடிவு, தாழ்ந்த ஊருக்கே திரும்பிப் போ. பனி வரும், போகும். நீயும் போவாய், வருவாய். அதுதான் ஒரு மனிதனுக்கு அழகு.

மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும். தொப்பியும் இருக்கட்டும். உன்னோடு சமைக்கிற எல்லாருக்கும் எங்கள் தோத்திரத்தைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
இன்னாசிமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். உச்சி ஊர் வந்ததும் முறம் நின்றது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"மேலேர்ந்து கீழ வரைக்கும் சறுக்கிக்கினு வந்தேன், சுத்தி ஒரு சத்தம் இல்ல, பக்கத்துல ஒரு ஆள் இல்ல, நான் மட்டும் தனியா வாய் வுட்டுச் சிரிச்சேன்னு எழுதியிருந்தானே. நீங்கதான படிச்சுக் காட்னீங்க? அத ஏன் வுட்டுட்டீங்க?"

"தாள்ல இடம் இல்ல."

"இட்லி மாவுக்கு இடம் இருந்துதே. ஏங்க, இங்க சுரங்கத்துக் கேன்டீன்ல அத்தன வருஷம் கான்ட்ராக்ட்ல வெந்தானே, ஒரு நாளாவது அவன் வாய் வுட்டுச் சிரிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா?"

நான் கேட்டதில்லை. ஈஸ்டருக்கு வந்தபோது சிரித்தாய், அது எங்களுக்காகச் சிரித்தது.

ஆகையால் மேலே உள்ள எதையும் நம்பாதே. உச்சி ஊருக்கே போ. பர்மனென்ட் கையெழுத்தைப் போடு. இதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதத்தான் பார்த்தேன். இவ்வளவையும் மறுபடி எழுதக் கையில் தெம்பில்லை, முதல் கடிதத்தைக் கிழிக்க மனமும் இல்லை. அதனால் அப்படியே அனுப்புகிறேன். பர்மனென்ட் ஆட்களுக்கும் லீவு உண்டு, அது எனக்கு நன்றாகவே தெரியும். சேர்ந்தவுடன் கேட்காதே, மரியாதையாக இருக்காது. கொஞ்சம் பொறுத்துக் கேள். ரொம்பப் பொறுக்காதே.

நீ அங்கே சிரித்துக்கொண்டே சறுக்கி வரும்போது யாராவது போட்டோ பிடித்தால் அனுப்பு. போட்டோவில் சத்தம் வராது என்று எனக்குத் தெரியும். அனுப்பு. அடுத்த வாரம் நான் மறுபடி எழுதுகிறேன்.