பனியனுக்கு மட்டும் லீவு

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிற சங்கதி இது. ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. சாம்பிள் அறையில் அங்கமுத்து நெஞ்சில் ஒயர்கள் தொங்க நின்றிருந்தார். குன்னத்தூர்க் கோயிலில் அன்றைக்குத் தங்கச்சி மகள் தேஜஸ்ரீக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். அந்த மடி இங்கே நின்றுகொண்டிருந்தது.

"நல்ல நேரம் போறதுக்குள்ள நான் போயாகோணுமுங்க," என்றார் முதலாளி மகுடேஸ்வரனிடம்.

"போலாம், போலாம். கோடு நேரா நிக்கட்டும். சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் வீடியோவுல பாத்து ஓகே சொன்னதும் நானே வண்டி வெச்சு அனுப்பறனுங்க."

கோடு, கம்ப்யூட்டர் திரையில் ஓடியது. அங்கமுத்து போட்டிருந்த பனியனின் மார்பில் டிரான்சிஸ்டர்களை மைபோல அச்சடித்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியான நானோ சரக்கு. வேர்வை பட்டால் அதில் ஓடும் மின்சாரம் கூடும். அதை வைத்து, போட்டிருக்கிற ஆள் எவ்வளவு களைத்திருக்கிறான் என்று சொல்லிவிடும். இத்தனை வருஷ சர்வீஸில் அங்கமுத்துவை யாரும் கேட்காத கேள்வி. கடைசியில் ஒரு பனியன்தான் கேட்டது.

அதைக் கொண்டுவந்தவள் ஆஷா. கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்கிற மதுரைப் பக்கத்துப் பெண்.

"இது ஆர்கானிக் டிரான்சிஸ்டர் சார்."

முதலாளிக்கு ஆர்கானிக் என்றால் மருந்தடிக்காத பருத்தி. "அப்ப சர்டிபிகேட் இருக்குமே, எடுங்க."

"பருத்தி இல்ல சார். இது கரிமப் பொருள்."

"கரியா? வெள்ளப் பனியன்ல கரியவா பூசி வெச்சிருக்கீங்க?"

சலவைக்கு அனுப்பக் கை நீட்டியவரை ஆஷா குறுக்கே நின்று தடுத்தாள். அதற்குள் திரையில் கோடு சரிய ஆரம்பித்தது.

"என்னண்ணே பண்ணுனீங்க?"

"மூச்சு உட்டனுங்க."

ஆஷா திரையை உற்றுப் பார்த்தாள். "விடாம வோல்டேஜ் கொடுத்துக்கிட்டே இருந்தா இது சோந்துரும் சார். கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிப் போட்டா பழையபடி ஆயிரும்."

முதலாளி இளகிப்போனார். "அடப் பாவமே, அதைய முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

பனியனைத் தாமே கழற்றி, தமது ஏசி அறைக்கு எடுத்துப் போய், தமது சுழல்நாற்காலியில் சாய்த்துவைத்தார். விளக்கை அணைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

வெறும் உடம்போடு நின்ற அங்கமுத்து தொண்டையைச் செருமினார். "அது படுத்து எந்திரிக்கறதுக்குள்ள நான் ஒரு எட்டு குன்னத்தூர் போயிட்டு..."

"நல்லாருக்குதுங்க. அது முழிச்சா யாரத் தேடும்?"

"அண்ணன் உடம்புக்குத்தான் செட் பண்ணியிருக்கு சார்," என்று ஆஷாவும் ஒத்து ஊதினாள்.

பனியன் விழித்து வந்தபோது சில்லென்றிருந்தது. சூடான உடம்பில் ஏறியதும் ஈரம் கோத்துக்கொண்டது. கோடு நடுங்கியது.

"ஈரம்தான் சார் இதுக்குப் பகை. லேசா சூடு காட்டுனா போயிரும்."

பனியன் அயர்ன் டேபிளுக்குப் போயிற்று. அங்கே இருந்தது நீராவி அயர்ன். பகையாளியைக் கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரி ஆயிற்று. திரும்பப் போட்டதும் கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது. சரியாக அந்த நேரத்தில் பையர் வீடியோவில் வந்தார். ஆள் ஓடிக்கொண்டிருப்பதாகக் கோடு காட்டுகிறதே, ஏன் நிற்கிறார் என்று கேட்டார்.

முதலாளி பல்லைக் கடித்தபடி சிரித்தார். "அங்கமுத்து, ஓடுங்க."

"எங்கீங்க?"

"எங்கியோ. மிஷினே ஓடறீங்கன்னு சொல்லுது, நீங்க நின்னா அது பொய்யாயிருமுங்க."

அங்கமுத்து கட்டிங் டேபிளைச் சுற்றி ஓடினார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆஷா ஒயர் பின்னாலேயே ஓடினாள். பையருக்கு ஒரே சந்தோஷம். இனி ஓய்வாக இருக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார். அங்கமுத்து நின்றார். கோடு நிற்கவில்லை.

"ஏறுன வழியில இது இறங்காது சார்," என்றாள் ஆஷா, மூச்சு வாங்க. "வேற வழியாச் சுத்தித்தான் வரும். இதோட குணமே அப்படி."

"அப்ப அது இறங்கி வர்ற வரைக்கும் நீங்களும் நிக்காதீங்க அங்கமுத்து."

ஓட்டம் நடையாகி, நடை தள்ளாட்டமாயிற்று. மேஜைமேல் கிடந்த செல்போனில் தங்கச்சி பூங்குழலியின் பேர் மின்னிமின்னி அணைந்தது. எடுக்கப் போனால் ஒயர் எட்டவில்லை. கோடு தன் சௌகரியத்துக்கு இறங்கி வந்து சேர்ந்தபோது பையர் ஓகே சொன்னார். குன்னத்தூரில் நல்ல நேரமும் முடிந்திருந்தது.

இத்தனையையும் அங்கமுத்து குன்னத்தூர்க் கோயில் வாசலில் நின்று சொல்லி முடித்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பூங்குழலிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தன பாடா பட்டீங்ணா? நாந்தான் தெரியாம வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன்."

"உடு கண்ணு. நம்ம தலையெழுத்து அது."

பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சாயங்காலத்தில் இன்னொரு நல்ல நேரத்தைத் தேடிப் பிடித்தார். பிள்ளையை மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். பூங்குழலி தன் கையாலேயே அண்ணனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்போதுதான் அவள் கொழுந்தன் வேல்குமார் காக்கி உடுப்போடு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். மின்வாரியத்தில் லைன்மேன்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி, இப்பத்தான் உட்டாங்க," என்றவன் அங்கமுத்துவைப் பார்த்துச் சிரித்தான். "ஏனுங் மச்சான், நீங்க வெடியறதுக்கு முன்னாலயே வந்திருப்பீங்கன்னு நெனச்சேன். பொழுதினிக்கும் உங்க கம்பெனி லைன்லதான் கம்பி மாத்திட்டிருந்தோம். காலையில இருந்து கரண்டே இல்ல, ஜெனரேட்டரும் ரிப்பேருன்னு நேத்தே எல்லாத்துக்கும் லீவு உட்டுட்டாங்களாமே?"