முன்னேறிய சந்து

1938-ஆம் வருஷம் திருச்சியில் ஒரு காலேஜ், வெறும் புத்தகத்தால் முதல் வருஷ மாணவர்கள் மனிதர்களாகிவிட மாட்டார்கள் என்று கண்டுபிடித்தது. ஆகவே, எழுத்தறிவில்லாதவர்களை ஆளுக்கு ஒருவராகக் கைதூக்கிவிட்ட பிறகே பரீட்சை எழுதலாம் என்று உத்தரவாயிற்று.

கைதூக்கிவிடுவதற்குப் பாலக்கரையில் ஒரு சந்து ஒதுக்கப்பட்டது. அங்கே சுருட்டுச் சுற்றிப் பிழைக்கும் லூர்துராணிக்கு வேண்டியிருந்ததோ தண்ணீர். தெருக்குழாய் நின்று நாலு மாதமாகிறது. உய்யக்கொண்டான் வாய்க்காலிலிருந்து தினம் ஆறு குடம் சுமந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. முனிசிபாலிட்டிக்கு அவளே எழுதிப் போட்ட மூன்று மனுவுக்கும் பதில் இல்லை.

அவள் பங்குக்கு வந்தவன் நிஜாமுதீன் என்ற மாணவன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் தம்பி. அந்தக் குழாயைப் பத்தி யார்கிட்டயாவது சொல்லுங்க."

"குழாய் எங்க பாடத்துல இல்லீங்க. தெரியாதவங்களை எல்லாம் மத்தவங்க பிடிச்சுக்கிட்டாங்க. உங்களுக்கும் தெரியும்னா என் பரீட்சை போச்சு."

பையன் முகம் பாவமாக இருந்தது. "சரி, தெரியாது. ஒரு குடத்தைத் தூக்குங்க, நடந்துக்கிட்டே படிக்கிறேன்."

"குடம் தூக்கினா தொண்டுல சேராதுங்க. புரொபசர் சொல்லியிருக்கார்."

ஆறு வாரம் லூர்துராணி 'அ' எழுதினாள்.

புரொபசர் அமிர்தசாமி முனிசிபல் அதிகாரிகளோடு பார்வையிட வந்த அன்று, அவள் சிலேட்டில் பெரிதாக எழுதினாள்: 'எங்கள் சந்துக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும்.'

"பிழையே இல்லை பாருங்க," என்று புரொபசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரிகள் கையெழுத்தின் வடிவை மெச்சினார்கள்.

மறுவாரம் ஓவர்சியர் மருதை வந்து குழாயையே கழற்றினார்.

"என்னங்க இது?"

"உத்தரவும்மா. தெருக்குழாய் பின்தங்கின இடத்துக்குத்தான். மேற்படி சந்து முன்னேறிவிட்டபடியால் அவசியமில்லைன்னு எழுதியிருக்காங்க."

"மறுபடி பின்தங்கினா?"

"பரிசீலிப்பாங்க."

சந்து கூடிப் பேசிப் பின்தங்கியது. புது மனுவில் அத்தனை பேரும் கைநாட்டு வைத்தார்கள். சந்தில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் தைரியராஜும் கட்டைவிரலை மையில் தோய்த்தார்.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. இத்தனை கைநாட்டு இருப்பதால் விஷயம் கல்வி சம்பந்தப்பட்டது என்றும், தக்க நடவடிக்கைக்காக மனு காலேஜுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்றும் கண்டிருந்தது.

திங்கட்கிழமை நாற்பது மாணவர்கள் சிலேட்டோடு வந்து இறங்கினார்கள். தைரியராஜ் வாத்தியாருக்கு, அவரிடமே அரிச்சுவடி படித்த பையன் வாய்த்தான். "சுழியை இன்னும் கொஞ்சம் வளைங்க சார்," என்று அவர் கையைப் பிடித்து எழுத வைத்தான்.

லூர்துராணிக்கு வந்த புதுப் பையன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"பாடம் ஆரம்பிக்கலாங்க. அதுக்கு முன்னால, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"