மலையைச் சுற்றி வந்த பிரிண்டர்

2003-ம் ஆண்டு ஏப்ரல் 16-ம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். காற்று இல்லை. மலை உச்சியில் உள்ளங்கை அளவுக்கு ஒரே ஒரு மேகம், போகலாமா இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அன்று சித்ரா பௌர்ணமி. அந்த நேரத்தில்தான், ஒரு கம்ப்யூட்டரை வலம் வராமல் தொடமாட்டேன் என்று சொன்ன உலகத்தின் ஒரே மெக்கானிக் என் வீட்டு வாசலில் தன் மொபெட்டை நிறுத்தினார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். திருவண்ணாமலையில் யாருக்கும் அது தெரியாது. ஊருக்கு அவர் பிரதட்சணம். அடி அண்ணாமலையில் கடை. முதலில் ரேடியோ, பிறகு டிவி, பிறகு மிக்ஸி, கடைசியில் கம்ப்யூட்டர் என்று காலத்தோடு வளர்ந்தவர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காலத்தோடு ஒத்துப்போகவில்லை. மலையை எப்போதும் வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டுதான் போவார். கிரிவலம் போகும்போது எல்லாரும் அப்படித்தான் போகிறோம். அவர் தீப்பெட்டி வாங்கவும் அப்படித்தான் போவார்.

இதன் விளைவு என்னவென்று வாசகர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். மலையைச் சுற்றிப் பாதை பதினாலு கிலோமீட்டர். என் வீடு செங்கம் சாலையில். அங்கிருந்து அவர் கடை நாலு கிலோமீட்டர். எந்தப் பொருளையாவது மறந்துவிட்டு வந்தால், நாலு போய் நாலு திரும்பலாமே என்றுதான் நமக்குத் தோன்றும். அவர் நாலு போவார். திரும்பி வருவதற்குப் பத்து. மலை இடது பக்கம் வந்துவிடக்கூடாதல்லவா? ஸ்குரூ டிரைவரை மறந்தாலும் பதினாலு, மூக்குக்கண்ணாடியை மறந்தாலும் பதினாலு. மறதி அவருக்கு ஜாஸ்தி.

ஒருமுறை வெளியூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர், டிரைவர் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பியதும் டிக்கெட் காசையும் விட்டுவிட்டு இறங்கிவிட்டாராம். அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு இரண்டு தெரு தள்ளியிருந்த மண்டபத்துக்கு மலையைச் சுற்றி வந்து சேர்ந்தது என்றும், அதற்குள் நாதஸ்வரக்காரர் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்றும் சொல்வார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் மூன்று பேர், மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

ஏன் இப்படி என்று நானே கேட்டிருக்கிறேன். "ஒரே ஒரு தபா இடமா போனேன் சார். அன்னைக்கு ஒரு டிவி டப்புனு வெடிச்சிட்ச்சு," என்றார். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது.

இப்படிப்பட்டவரை நான் ஏன் கூப்பிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே மகள், கற்பகம். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை. வயது அப்போது முப்பது. ஜாதகத்தில் ஏழாமிடத்தில் செவ்வாய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. அதனால் ஏழு குடும்பங்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தன. ஏழாவது குடும்பம் அசல் ஜாதகத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. எட்டாவதாக ஆரணியிலிருந்து ஓர் அம்மா, தன் மகனுக்காக. கிரிவலத்துக்கு வருகிறேன், மாலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்து ஜாதகத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று தரகர் மூலம் சொல்லியனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை. அவர்கள் ஜோசியருக்குக் கண் மங்கலாம். கையெழுத்தைத் தொடமாட்டாராம், கம்ப்யூட்டரில் அடித்திருந்தால்தான் பார்ப்பாராம்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் தன் பழைய கம்ப்யூட்டரை எங்களுக்கு அனுப்பியிருந்தான். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ். "காசு கிடையாதுப்பா, வைரஸும் வராது," என்று பெருமையாகச் சொன்னான். வைரஸ் மட்டுமல்ல, வேறு எதுவுமே அதற்குள் வரவில்லை. அவனே வந்து கட்டம் போட்டுக் கொடுத்தான். நான் கைவசம் இருந்த நகலைப் பார்த்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒன்பது கிரகங்களையும் பன்னிரண்டு கட்டங்களில் குடியேற்றி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. பிறகு புது பிரிண்டர் வாங்கி வந்தேன். கூட வந்த சிடி இந்தக் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று தெரிந்தது. ஃபிளாப்பியில் போட்டு பஜாரில் ஒரு சென்டருக்கு எடுத்துப்போனேன். அங்கே திறக்கவில்லை. அங்கிருந்த பையன் என்னை இரக்கமாகப் பார்த்து, "லினக்ஸா? பிரதட்சணத்தைத்தான் கூப்புடணும் சார்," என்றான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கூலிக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போன ஏழு லினக்ஸ் சிடிகள் ஊரிலேயே அவரிடம் மட்டும்தான் இருந்தன.

ஆக, பிரதட்சணம் வந்தார். வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

"மேசையை நடு ரூமுக்குக் கொண்டாங்க சார். சுத்தி வர வழி வேணும்ல?"

மேசை நடுவுக்கு வந்தது. அதனால் கட்டில் கூடத்துக்குப் போயிற்று. அதனால் சோபா வாசலுக்குப் போயிற்று. அதனால் பால்காரர் எங்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மௌனமாக நின்றார். பிரதட்சணம் கம்ப்யூட்டரை மூன்று முறை வலம் வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஸ்விட்சைத் தட்டினார்.

லினக்ஸில் பிரிண்டரைச் சேர்க்க வேண்டுமென்றால் நிறைய கட்டளைகள் தட்டவேண்டும். அவர் அவற்றை மனப்பாடமாக வைத்திருந்தார். அர்த்தம் தெரியாது. நடுவில் ஓர் எழுத்து தப்பினால் அந்த எழுத்தை மட்டும் திருத்தமாட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எழுந்து ஒரு சுற்று சுற்றி, முதலிலிருந்து தொடங்குவார். என் மனைவி சரோஜா குறுக்கே தண்ணீர்ச் செம்போடு போனதற்கு ஒரு தடவை தொடங்கினார். நான் தும்மியதற்கு இரண்டு தடவை.

கடைசியில் திரையில் ஒரு நீளமான பட்டியல் வந்தது. உலகத்தில் உள்ள பிரிண்டர்களின் பெயரெல்லாம் இருந்தது, எங்களுடையது மட்டும் இல்லை. பிரதட்சணம் கலங்கவில்லை. "இதோ, நம்புளுதுக்கு அண்ணன் மாடல் கீது பாருங்க. அண்ணன் சொன்னா தம்பி கேப்பான்," என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சோதனைக்கு ஒரு பக்கம் அடிக்கச் சொன்னார்.

தம்பி கேட்கவில்லை. அல்லது அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டான். பிரிண்டர் ஒரு காகிதத்தை இழுத்து, உச்சியில் ஒரு வரி மட்டும் ஏதோ குறிகளை அடித்துத் துப்பியது. பிறகு இன்னொரு காகிதம், இன்னொரு வரி. நிறுத்துங்கள் என்று கத்தினேன்.

"மந்திரத்தைப் பாதில நிறுத்தக்கூடாது சார்," என்றார் அவர், கைகட்டி நின்றபடி.

நானே ஒயரைப் பிடுங்கினேன். மறுபடி செருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நாற்பத்தேழாவது பக்கத்தில் காகிதம் தீர்ந்தது. அதனால்தான் நின்றது. சரோஜா நாற்பத்தேழையும் அடுக்கி எடுத்துக்கொண்டாள். அடுத்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் வடை எண்ணெய் வடிந்தது அந்த மந்திரத்தின் மேல்தான்.

பிரிண்டரை ஓட்டும் சரியான டிரைவர் புரோகிராம் மூன்றாவது சிடியில் இருக்கிறது, அது கடையில் இருக்கிறது என்றார் பிரதட்சணம். மொபெட்டில் பதினாலு கிலோமீட்டர். பதினோரு மணிக்குத் திரும்பி வந்து சிடியைப் போட்டார். ஐயப்பன் பஜனை பாடியது. உறை மாறிவிட்டதாம்.

மறுபடி கிளம்பும்போது பௌர்ணமிக் கூட்டத்துக்காகப் போலீஸ் பாதையை அடைத்திருந்தது. வண்டி போகாது. இனி நடைதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மகளின் வாழ்க்கை ஐயா, சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த அம்மா வந்துவிடுவார், இன்றைக்கு ஒருநாள் மட்டும் நாலு போய் நாலு திரும்புங்கள், மலை கோபித்துக்கொள்ளாது என்று கெஞ்சினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, வருத்தம்தான். "பொண்ணு நல்லா இருக்கணும்னுதானே சார் போறேன்? அதுக்குப் போய் இடமா வரச் சொல்றீங்களே," என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு கூட்டத்தில் கலந்துவிட்டார்.

மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. நான் புதுக் காகிதம் வாங்கி வைத்துவிட்டு, வாசலில் கிடந்த சோபாவில் உட்கார்ந்து பக்தர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலாயிரத்துக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. சரியாக ஐந்து மணிக்கு ஆரணி அம்மா ஒரு துணிப்பையோடு வந்தார். அறுபது வயது, கணுக்காலில் வீக்கம், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. வாசலில் சோபா எதற்கு என்று கேட்டார். காற்றுக்காக என்றேன். நடு அறையில் மேசை எதற்கு என்று கேட்டார். அதுவும் காற்றுக்காக என்றேன். கற்பகம் காபி கொடுத்தாள். பேச்சு தீர்ந்தது. காபியும் தீர்ந்தது.

ஐந்தேகாலுக்குப் பிரதட்சணம் வந்தார். பாதம் இரண்டும் கொப்புளம். ஒரு கையில் சிடி, மறு கையில் தொன்னை. ஏன் இவ்வளவு நேரம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"வழி பூரா அன்னதானம் சார். வேணாம்னு சொல்லக்கூடாது. ஒம்போது எடம்."

அந்தக் கொப்புளக் காலோடு கம்ப்யூட்டரை மூன்று முறை நொண்டி நொண்டி வலம் வந்தார். ஆரணி அம்மா ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டளைகள் ஓடின. பட்டியல் வந்தது. அதில் எங்கள் பிரிண்டரின் பெயரே இருந்தது. பிரிண்டர் கனைத்தது, ஒரு காகிதத்தை இழுத்தது, மெல்ல, கோடு கோடாக, ராசிக் கட்டத்தையும் நவாம்சக் கட்டத்தையும் அச்சடித்து வெளியே நீட்டியது. என்ன அழகான கோடுகள். ரூலர் வைத்தாலும் அப்படி வராது.

கட்டங்களுக்குள் கிரகங்கள் இல்லை. எழுத்து இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் குட்டிக் குட்டிச் சதுரங்கள், காலியாக. திரையில் தமிழ் தெரிந்தது, தாளில் வரவில்லை. பிரதட்சணம் குனிந்து என் காதில், தமிழ் எழுத்து நாலாவது சிடியில் இருப்பதாகச் சொன்னார். நாலாவது சிடி எங்கே என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் ஆரணி அம்மா தாளை எடுத்துவிட்டார். "இன்னாங்க இது, கட்டமெல்லாம் காலியா இருக்குது?"

பிரதட்சணம்தான் முன்னால் வந்தார்.

"நல்லா பாருங்கம்மா. செவ்வா இல்ல, ராகு இல்ல, சனி இல்ல. இவ்ளோ சுத்தமான ஜாதகம் இந்த மலையைச் சுத்தி எங்கயும் கெடைக்காது. நான் சுத்திட்டுத்தான் வரேன்."

அந்த அம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். எட்டாவது குடும்பமும் போயிற்று என்று முடிவு கட்டினேன். அப்போது கற்பகம் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு, அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இருங்கம்மா, நானே எழுதித் தரேன். இது லக்னம். இதுலேர்ந்து எண்ணினா ஏழாவது கட்டம் இது. இங்க செவ்வாய். இதைப் பாத்துட்டுதான் ஏழு பேர் போனாங்க. உங்களுக்கும் நேரம் வீணாகக் கூடாது பாருங்க, அதான் இதை மொதல்ல எழுதிட்டேன்."

ஆரணி அம்மா அந்தக் கட்டத்தையும் கற்பகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளை அவள் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தார்.

"மத்தது எழுத வேணாம்மா. எம் புள்ளைக்கு எட்டுல செவ்வா. எங்களுக்கு ஒம்போது எடம் போச்சு. ரெண்டு பேருக்கும் இருந்தா தோஷம் கழிஞ்சிடும்னு சொல்லுவாங்க. இதை எப்படிச் சொல்றதுன்னுதான் நான் ஆரணியிலேர்ந்து யோசிச்சினு வந்தேன்."

"ஜோசியரு பாக்கணுமேங்க?" என்றேன் நான், ஈனஸ்வரத்தில்.

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதே," என்றார் அந்த அம்மா.

கிரிவலத்துக்கு அவர் எழுந்தபோது பிரதட்சணமும் எழுந்தார். கால் வீங்கிய அம்மா தனியாக எப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார், தனக்கும் வீட்டுக்குப் போக அதே வழிதானே என்று துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். கடையை ஒட்டிய அவர் வீடு நாலாவது கிலோமீட்டரில். ஆனால் அன்று அந்த அம்மாவோடு முழு மலையையும் நடந்து, பஸ்ஸில் இடம் பிடித்து ஏற்றிவிட்டுத்தான் போனார் என்று பின்னால் தெரிந்தது. மொபெட் எங்கள் வாசலிலேயே மூன்று நாள் நின்றது.

ஆவணியில் கல்யாணம். பிரதட்சணம் நாலாவது சிடியைக் கொண்டுவந்து, பத்திரிகை உறைகளுக்கான விலாசங்களையெல்லாம் நல்ல தமிழில் அடித்துக் கொடுத்தார். சுற்றிய சுற்றுகளுக்கும் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார். கல்யாணத்தன்று பந்தியில் உட்காரும் முன் மொய் எழுதினார். இருநூற்று ஐம்பத்தொன்று.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பிரிண்டர் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து வைக்க எனக்கு ஆன செலவை எத்தனையோ முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். எப்படிப் போட்டாலும், அந்த மனிதரிடம் நான்தான் ஒரு ரூபாய் அதிகமாக வாங்கியிருக்கிறேன்.