ஓம் டெய்லரின் ஒரேயொரு 'இல்ல'

பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகும் 'இல்லை' என்ற சொல்லை வாயால் சொல்லாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் கல்முனைக்குடியில்தான் இருந்தார். கடைசியில் அவரும் ஒருநாள் அதைச் சொல்லிவிட்டார். சொன்ன அன்றே மனநல டொக்டரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவருடைய உண்மைப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். 'ஆம்' என்பதற்கு எங்கள் பக்கத்தில் 'ஓம்' என்போம்; ஊருக்கு அவர் ஓம் டெய்லர். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு மிதி மெசின், ஒரு மேசை, கூரை வரைக்கும் தைக்காத துணி. அதுதான் கடை. "காக்கா, பெருநாளைக்கு முதல் கிடைக்குமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டால் "ஓம்" என்பார். "இந்தத் துணியில ரெண்டு சேட் வருமா?" "ஓம்." "ஒண்டுக்கே காணாது எண்டு வீட்ட சொல்றாங்களே?" "ஓம்."

என் கலியாணத்துக்கென்று ஒரு களிசான், அதாவது நீளக் காற்சட்டை, தைக்கக் கொடுத்தேன். கலியாணம் முடிந்து, மூத்தவன் பிறந்து, அவன் இப்போது ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறான். துணி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அப்படியென்றால் ஊர் ஏன் தொடர்ந்து அவரிடமே துணி கொடுத்தது என்று கேட்பீர்கள். அவர் ஓம் சொல்லும்போது நம் முகத்தைப் பார்த்துச் சொல்லும் விதம் அப்படி. புது உடுப்பு போட்டுக்கொண்டதுபோல நடந்து வீட்டுக்கு வருவோம்.

அந்த ஓமுக்குச் சம்மதம் என்று பொருளில்லை என்பதை நான் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் எடுத்தன. 'நீ சொல்வது என் காதில் விழுகிறது, நீ நல்லாயிருக்க வேண்டும்' என்பதன் சுருக்கம்தான் அது. இது தெரியாமல் ஒரு தேர்தலில் எதிரும் புதிருமான இரண்டு வேட்பாளர்கள் அவரிடம் ஆதரவு கேட்டு, இரண்டு பேரும் ஓம் வாங்கி, கடைக் கதவின் ஆளுக்கொரு பக்கத்தில் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார்கள். அடிபடுவதற்கு வந்த இரண்டு கோஷ்டியும் "காக்கா, நீங்க எங்கட ஆள்தானே?" என்று கேட்க, இரண்டுக்கும் ஓம் கிடைத்தது. யாரை அடிப்பது என்று விளங்காமல் எல்லோரும் அவர் வாங்கித் தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மூத்த மகளின் கலியாணமும் இப்படித்தான் நடந்தது. அவர் இரண்டு வீட்டாருக்கு ஓம் சொல்லியிருந்தார். இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் பலகாரத் தட்டோடு புறப்பட்டார்கள். ஒரு கூட்டத்தின் வேனுக்கு வழியில் டயர் வெடித்தது. முந்தி வந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். மூத்த மருமகன், இன்று ஒரு பாடசாலையில் உப அதிபர், அப்படிக் கிடைத்தவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சீனி வருத்தக்காரரான ஓம் டெய்லரின் காலில் போன வருடம் அவருடைய ஊசியே ஏறிவிட்டது. மரத்த கால், நோவு தெரியவில்லை. "புண் காஞ்சிட்டா?" என்று அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் ராத்தா, தினமும் கேட்டார். தினமும் "ஓம்" வந்தது. ராத்தா ஒருநாள் சந்தேகப்பட்டு சாறனைத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு விரல்கள் கறுத்துப்போய்க் கிடந்தன.

ஆசுபத்திரி வார்டில் ஒரு இளம் லேடி டொக்டர், தம்பிலுவில் ஊர்ப் பிள்ளை, கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். ராத்தாவும் மூத்த மருமகனும் நானும் பக்கத்தில் நின்றோம். ஆனால் அவர் படித்த தமிழில் விளக்கினார். தொற்று, குருதியோட்டம், நோயுற்ற பகுதி. வசனத்துக்கு வசனம் ஓம் டெய்லர் ஓம் போட்டார். கடைசியில் டொக்டர் சொன்னார்: "கெட்டுப்போன பகுதியை மூட்டோட எடுக்கோணும். சுணங்கினா நஞ்சு உடம்பில ஏறிரும், உயிருக்கே ஆபத்து."

மூட்டு என்றால் எங்கள் ஊரில் முழங்கால். தைலம் வாங்குவதும் அதற்குத்தான். மருமகன் அந்த இடத்திலேயே பள்ளிவாசலுக்குப் போன் எடுத்து, வெட்டிய காலை மையவாடியில் அடக்க இடம் இருக்குமா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். எதையும் முன்கூட்டியே செய்கிறவர்.

"மாமா, எடுக்கத்தானே வேணும்? சரிதானே?" என்றார் போனை மூடிக்கொண்டு.

"இல்ல" என்றார் ஓம் டெய்லர்.

பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி உட்கார்ந்தார். ராத்தாவின் கையிலிருந்த கஞ்சிக் கோப்பை சாய்ந்தது. தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைத்து மருமகன் திரும்பக் கேட்டார். திரும்பவும் "இல்ல. வேணா" என்றார்.

"மாமாக்கு மூளை குழம்பிட்டு டொக்டர்" என்றார் மருமகன். "தாங்க, நான் ஒப்பம் வெக்கன்."

"ஒங்கட ஒப்பம் செல்லாது சேர். அவர் தெளிவா இருந்தா ஓம் எண்டு சொல்றதும் அவர்தான், வேணாம் எண்டு சொல்றதும் அவர்தான்."

"தெளிவா இருந்தா இந்த மனிசன் இல்ல எண்டு சொல்வாரா? இந்த நிமிசம் வரைக்கும் எல்லாத்துக்கும் ஓம் எண்டு நல்லாத்தானே இருந்தாரு!"

ஊர் முழுக்க அவரை ஏமாற்றக்கூடிய அளவுக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டிய காலத்தில் ஒருவருக்கும் அவர் புத்தியில் சந்தேகம் வரவில்லை. ஒருதரம் மறுத்தார், விசராகிவிட்டார். இது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்றைக்கோ, உண்மையைச் சொன்னால், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நஞ்சு ஏறினால் மனிதர் போய்விடுவார்.

மனநல டொக்டர் வந்தார். சிரித்த முகம். கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"காக்கா, இது ஆசுபத்திரிதானே?"

"ஓம்."

"இல்லாட்டி ஒங்கட கடையா?"

"ஓம்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையா?"

"ஓம்."

அன்று செவ்வாய்க்கிழமை. டொக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கினார். மருமகனின் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்குப் பொறுக்கவில்லை.

"டொக்டர், இந்த மனிசன்ட்ட அப்பிடிக் கேக்கப்படா. ஓம் போட இடமில்லாத கேள்வியாக் கேளுங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். நானும் பரிசோதிக்கப்பட வேண்டியவன் என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் கேட்டார். "இண்டைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"அப்ப ஏன் வெள்ளி எண்டதுக்கு ஓம் எண்டீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க. டொக்டருக்கு வெள்ளிக்கிழமை எண்டா இரிக்கட்டுமே எண்டு உட்டன்."

"வெட்டாட்டி என்ன நடக்கும்?"

"நஞ்சு மேல ஏறும். மௌத்தாகுவன்."

"தெரிஞ்சுமா வேணா எண்டீங்க? ஏன்?"

ஓம் டெய்லர் மருமகனைப் பார்த்தார். "நான் கட்டில்ல உசிரோட இரிக்கன். எனக்கு முந்தி என்ட கால் மையவாடிக்குப் போறதா? அதுவும் போகட்டும். மூட்டோட எடுக்கிற எண்டாங்க. எதுக்கு மூட்டோட? புண் இரிக்கிற விரல்ல. ஒரு சாறனை வெட்டக்கொள்ளயே எந்த இடத்தில எண்டு காட்டிப்போட்டுத்தானே வெட்டுறம்."

லேடி டொக்டர் தலையில் கை வைத்தார். "ஐயோ காக்கா! நான் சொன்னது விரல் மூட்டை. ரெண்டே ரெண்டு விரல்! விளங்கல்ல எண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எவ்வளவு பாடுபட்டுக் கதைச்சீங்க மகள். இடையில மறிக்கிறது மரியாதையா? அதான் ஓம் எண்டு கொண்டிருந்தன்."

மருமகன் போனைச் சட்டைப் பைக்குள் மெதுவாகப் போட்டார்.

"அப்ப அந்த ரெண்டு விரலையும் எடுக்கச் சம்மதமா?" என்றார் லேடி டொக்டர்.

"ஓம்."

இது எந்த ஓம்? டொக்டர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லேடி டொக்டர் என்னைப் பார்த்தார். நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா கஞ்சிக் கோப்பையைப் பார்த்தார்.

"மாமாட ஓமை நம்பி ஒண்டும் செய்ய ஏலா" என்றார் மருமகன். "அது செல்லாத ஓம்."

ராத்தா தலை நிமிர்ந்தார். "அப்ப ஒங்கட கலியாணம்?"

மருமகன் ஜன்னல் பக்கம் காற்று வாங்கப் போனார்.

ஓம் டெய்லர் சாறன் மடிப்பில் கைவிட்டு, எப்போதும் அங்கே கிடக்கும், துணியில் கோடு போடும் சோக்குக் கட்டியை எடுத்தார். குனிந்து, கறுத்த இரண்டு விரல்களின் அடியில் ஒரு கோடு போட்டார். "இதுல வெட்டுங்க. இங்கால வரப்படா."

லேடி டொக்டர் கிட்டப் போய்க் குனிந்தார். "கொஞ்சம் மேல போகோணும் காக்கா. மறுகா மூடித் தைக்கிறதுக்குத் தோல் வேணும்."

அவர் யோசித்தார். பெருவிரலால் கோட்டை அழித்தார். அரை அங்குலம் மேலே புதுக்கோடு போட்டார். "ஓம்" என்றார். "தையலுக்கு உடணும்தானே."

அது வேறு ஓம். அந்த வார்டில் இருந்த எல்லோருக்கும் அது விளங்கியது. பக்கத்துக் கட்டில்காரர்கூடத் தலையாட்டினார். மனநல டொக்டர் எழுதியதை வெட்டிவிட்டார். ஒப்பத்தை ஓம் டெய்லரே வைத்தார், நன்றாக நீட்டி.

"எப்ப முடியும் மகள்?" என்று கேட்டார் தள்ளுக்கட்டிலில் போகும்போது.

"பின்னேரத்துக்கு முதல் முடிச்சிருவம்."

"நானும் இப்பிடித்தான் சொல்ற" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

டொக்டர் தன் வாக்கைக் காப்பாற்றினார். மனிதர் கால்களில் எட்டு விரலோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் எனக்குள் ஒரு பயம் இருந்தது. ஒருதரம் 'இல்ல' என்று சொல்லிப் பழகியவர் இனி மாறிவிடுவாரோ? பெருநாளுக்கு முந்திய வாரம் கடைக்குப் போனேன். மற்றக் காலால் மெசினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, என்ட களிசான் பெருநாளைக்குக் கிடைக்குமா?"

மெசினை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்."

அல்ஹம்துலில்லாஹ், மனிதர் சுகமாகிவிட்டார். நேரே சந்தைக்குப் போய் ஒரு ரெடிமேட் களிசான் வாங்கிக்கொண்டு, சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். என் கலியாணக் களிசான் அங்கேயே கிடக்கட்டும். அதைப் பற்றிக் கேட்கப் போகும்போதெல்லாம் ஓம் சொல்ல அந்த மனிதர் அங்கே இருந்தால் போதும்.